ஜோடிக்கு ஒரு போன்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் அலாரம் இரண்டு போன்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அலாரம் என்பது எங்கள் சூப்பர்வைசர். தினமும் ஏழு மணிக்கு எல்லோருக்கும் போன் போட்டு “கிளம்பியாச்சா?” என்று கேட்பதால் வந்த பெயர். ஒரு போன் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. இன்னொன்று பரீட்சை அட்டை மாதிரி இருக்கிறது.

லிஃப்ட் பழுது பார்க்கும் எல்லா ஜோடிகளுக்கும் கம்பெனி புதுப் போன் தரப்போகிறதாம். காகிதத்தில் இருந்த வயரிங் படங்கள் இனிக் கிடையாது, எல்லாம் போனுக்குள் வந்துவிட்டன. ஜோடிக்கு ஒரு போன். சின்னதா பெரியதா என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரே முடிவாகச் சொல்ல வேண்டும். அதுவரை இரண்டையும் வைத்து வேலை செய்து பாருங்கள், இருபதாம் தேதி சொல்லுங்கள் என்றார்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? சின்னது” என்றேன்.

“பெரிசு” என்றார் அத்தான், அதே மூச்சில்.

அலாரம் சிரித்தார். “அத்தானும் மச்சினியும், ஒரே குடும்பம், சண்டை வராதுன்னுதானே உங்கள ஜோடி போட்டேன்.”

அத்தான் என் அக்கா வீட்டுக்காரர். இந்த வேலையில் என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். நான் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியிலும் அதன் கூரை மேலும் வேலை செய்வேன். அவர் உச்சி மாடியில் மெஷின் ரூமில் நின்று மின்சாரத்தை நிறுத்துவார், திரும்ப விடுவார். பேசிக்கொள்ள ஆளுக்கொரு வாக்கி-டாக்கி இருக்கிறது. வருடக்கணக்காக இப்படித்தான் ஓடுகிறது. ஒரு போனுக்காக முறைத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை.

மார்ச் 5, வியாழன்

எங்கள் வேலை தெரியாதவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஏணியில் நிற்கும்போது ஒரு கை ஏணிக்குப் போய்விடும். மிச்சமிருக்கிற ஒரு கையால் போனை எடுத்து, கட்டைவிரலால் திறந்து, படத்தைத் தேடிப் பார்த்து, மறுபடி சட்டைப் பையில் போட வேண்டும். பெரியதில் என் கட்டைவிரல் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. இதற்கென்று புதுக் கையா வாங்க முடியும்? சட்டைப் பையில் போட்டால் பாதி உடம்பு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறது. குனிந்தால் விழும். விழுந்தால் அடிவரைக்கும் விழும்.

அத்தானிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “சின்னதுல ஒண்ணும் தெரியல, பொடிசு” என்றார். என் உயரத்துக்கு அவர் வைத்த பெயர் அது.

“விரலால விரிங்க, பெரிசாகும்.”

“விரிச்சா ஒரு ஓரம்தான் தெரியுது. மத்ததெல்லாம் வெளிய போயிடுது.”

“தள்ளித் தள்ளிப் பாருங்க அத்தான். ஊரே அப்படித்தான் பாக்குது.”

அவர் எழுந்து வண்டிக்குப் போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 6, வெள்ளி

இரவுச் சாப்பாட்டின்போதும் அதே பேச்சு. அக்கா தட்டை நங்கென்று வைத்து, “ரெண்டு பேரும் அந்தப் போனத் தூக்கிக் குப்பைல போடுங்க” என்றாள்.

மார்ச் 9, திங்கள்

ஒன்றைக் கவனித்தேன். எழுதலாமா வேண்டாமா என்று இருக்கிறது. எழுதுகிறேன்.

இன்று டீக்கடையில் அத்தான் சில்லறையைக் கடைக்காரர் கையில் வைக்காமல் கைக்குப் பக்கத்தில் காற்றில் விட்டார். காசு தரையில் உருண்டது. எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு வண்டியில் ஏறும்போது, “அந்தக் கட்டடம் எத்தனாம் நம்பர்னு போட்டிருக்கு, பாரு” என்றார். நம்பர் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது.

“கண்ணாடிய மாத்துங்க அத்தான்.”

“என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல.”

சொன்ன விதம்தான் சரியில்லை. கோபப்படுகிற மனிதரே இல்லை அவர்.

ஜூன் மாதம் எங்களுக்கு உடல் தகுதிச் சோதனை. போன தடவை வெல்டர் அண்ணன் பார்வைச் சோதனையில் தேறவில்லை. மறுநாளிலிருந்து அவருடைய பூட்டு கூட லாக்கரில் இல்லை.

நான் ஏதோ கற்பனை செய்கிறேன். வயதானால் எல்லோருக்கும் எழுத்து மங்கத்தான் செய்யும்.

மார்ச் 11, புதன்

பெரிய போன் இன்று என்னைக் கொல்லப் பார்த்தது. லிஃப்ட் கூரை மேல் நின்று, கட்டைவிரலை எட்டிப் போட்டுப் படத்தைத் தள்ளும்போது கையிலிருந்து வழுக்கியது. பிடிக்கப் போய் நானும் சாய்ந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். போனும் பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

கீழே வந்து அத்தானிடம் கத்தினேன். “உங்க சௌகரியத்துக்கு நான் சாகணுமா?” என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “சரி, பாக்கலாம்” என்றார். பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம், எனக்குத் தெரியாதா?

நாளைக்குப் பெரியதை வண்டி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வரப்போகிறேன். மேலே போன பிறகு தேடட்டும். ஒரு நாள் முழுக்கச் சின்னதை வைத்து வேலை பார்த்தால் பழகிவிடும்.

மார்ச் 12, வியாழன்

உயிரோடு இருக்கிறேன். முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

எட்டு மாடிக் கட்டடம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிஃப்ட். இடது லிஃப்டின் குழியில் இருக்கும் சிவப்பு நிறுத்தும் பொத்தான் வேலை செய்யவில்லை என்று புகார். அதை மாற்றுவதுதான் வேலை. அந்தப் பொத்தானே கெட்டுப்போயிருப்பதால் குழியில் இருப்பவருக்கு வேறு காவல் இல்லை. மேலே மெயின் சுவிட்சை நிறுத்தினால்தான் உண்டு. மெஷின் ரூமுக்கு வெள்ளையடித்தவர்கள் சுவிட்ச் மேல் எழுதியிருந்த இடது, வலதையும் சேர்த்து அடித்துவிட்டார்கள், பொறித்த எண் மட்டும் மிச்சம். எந்த எண் இடது லிஃப்டுக்கு, எந்த எண் வலது லிஃப்டுக்கு என்று போனில் படத்தைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

“பெரிய போன் எங்க?” என்று வாக்கியில் கேட்டார் அத்தான்.

“வண்டியில இருக்கும். சின்னதுதான் கைல இருக்குல்ல, அதுலயே பாருங்க.”

வாக்கியில் அவர் எதையோ முணுமுணுத்துத் தேடுவது கேட்டது. பிறகு, “இடது லிஃப்ட் ஆஃப் ஆயிடுச்சு. இறங்கு” என்றார்.

மற்ற ஜோடிகள் எல்லாம் இறங்குவதற்கு முன்னால் வெளியே லிஃப்டைக் கூப்பிடும் பொத்தானை அமுக்கிப் பார்ப்பார்கள். விளக்கு எரியாவிட்டால்தான் இறங்குவார்கள். நாங்கள் பார்ப்பதில்லை. அத்தான் சொன்ன பிறகு நான் என்ன பார்ப்பது? அது அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி. அதில் எங்களுக்கு ஒரு பெருமை வேறு.

இறங்கினேன். யாரும் தவறி விழுந்துவிடக் கூடாது என்று வெளிக் கதவைச் சாத்திக்கொண்டேன். சிவப்புப் பொத்தானின் மூடியைக் கழற்றும்போது ஒரு திருகாணி கீழே விழுந்தது. குனிந்து தேடினேன். அப்போது பக்கத்தில் நின்றிருந்த எதிர் எடை, லிஃப்ட் கம்பியின் மறுமுனையில் தொங்கும் இரும்புப் பாளம், மெல்ல மேலே போனது.

லிஃப்ட் இறங்கினால்தான் அது ஏறும்.

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது கத்தக்கூட வரவில்லை. சுவரோடு சுவராக ஒடுங்கி உட்கார்ந்துகொண்டேன். முழங்காலுக்குள் தலை. லிஃப்டின் அடிப்பக்கம் தலைக்கு மேல் வந்து நின்றது. கையை நீட்டினால் தொடலாம். மேலே யாரோ கதவு திறந்து செருப்புச் சத்தத்தோடு நடந்து போனார்கள். ஆறாம் மாடிக்காரர் ஒருவர் கடைக்குக் கிளம்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தத் திருகாணி விழாமல் இருந்திருந்தால் நான் நின்றுகொண்டிருந்திருப்பேன். நின்றிருந்தால் —

வேண்டாம்.

மெஷின் ஓடும் சத்தம் கேட்டு அத்தான் லிஃப்டை மேலே ஏற்றி நிறுத்திவிட்டு எட்டு மாடியும் ஓடி வந்தார். கதவைத் திறந்து என்னைத் தூக்கினார். “சுவிட்ச் நம்பர மாத்தி வச்சிருக்கானுங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வேலை முடிந்தது என்று மட்டும் அலாரத்துக்குச் சொன்னோம். நடந்ததை அத்தானும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 13, வெள்ளி

வேலைக் குறிப்பு அனுப்பச் சின்னப் போனைத் திறந்தேன். அவர் நேற்று விட்ட இடத்திலேயே படம் நின்றது. நன்றாக விரித்து வைத்திருக்கிறார். திரை முழுவதும் ஒரே ஒரு எண், கட்டைவிரல் அளவுக்கு. ஏழு. வேறு எதுவும் இல்லை.

விரலால் சுருக்கினேன். படம் முழுவதும் வந்தது. இடது லிஃப்டுக்கு நான்கு, வலது லிஃப்டுக்கு ஏழு. மேலே தலைப்புப் போட்டுத் தெளிவாகத்தான் இருக்கிறது. எண்ணைப் படிக்கும் அளவுக்கு அவர் விரித்தபோது தலைப்பு திரையை விட்டு வெளியே போய்விட்டது. யாரும் எதையும் மாற்றி வைக்கவில்லை.

இவ்வளவு பெரிதாக விரித்தால்தான் அவருக்குத் தெரிகிறதா?

பெரிய போன் கையில் இருந்திருந்தால் தலைப்பும் கூடவே தெரிந்திருக்கும். அதை சீட்டுக்கு அடியில் தள்ளியது யார்? நான்தான்.

மார்ச் 15, ஞாயிறு

நான் இருப்பது அவர்கள் வீட்டு மாடி அறையில். எப்படி முகம் கொடுக்காமல் இருப்பது? அக்கா துணி காயப்போட மாடிக்கு வந்தபோது கேட்டுவிட்டேன்.

“அத்தான் கண்ணுக்கு என்னக்கா?”

அவள் துணியை உதறுவதை நிறுத்தவில்லை. “உனக்கு யார் சொன்னா?”

அப்படியென்றால் இவளுக்குத் தெரியும். நான் குழிக்குள் இறங்குவது தெரியும், மேலே நிற்பவருக்குக் கண் தெரியவில்லை என்பதும் தெரியும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னேன். எதிர் எடை, திருகாணி, செருப்புச் சத்தம், எல்லாம். அவள் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அதான் பெரிய போன் கேக்குறாரு. சின்னது, சின்னதுன்னு நீதானடி ஒத்தக் கால்ல நின்ன?”

“நின்னேன். தப்புதான். ஆனா டாக்டர்ட்ட போகாம எதுக்கு மறைக்கணும்?”

“போனா எழுதிக் குடுப்பாங்க. எழுதிக் குடுத்தா வேலை போயிடும். உனக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்த மனுஷன். அவர் சோத்துல நீ மண்ண அள்ளிப் போடப்போறியா?”

பெரிய போனுக்கு ஒத்துக்கொள், யாரிடமும் வாய் திறக்காதே, எல்லாம் சரியாகிவிடும் என்றாள். கெஞ்சினாள். அக்கா என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

மார்ச் 16, திங்கள்

லீவு போட்டேன். வயிற்று வலி என்று சொன்னேன். பொய் என்றும் சொல்ல முடியாது.

மார்ச் 17, செவ்வாய்

இன்று குழி வேலை. அத்தான் மேலே நின்று, “ஆஃப் ஆயிடுச்சு, இறங்கு” என்றார். கால் வரவில்லை. பொத்தானை அமுக்கிப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. அப்படியும் கால் வரவில்லை. படி ஏறி மாடி மாடியாகப் போய் மெஷின் ரூமில் சுவிட்சை என் கண்ணால் பார்த்தேன். சரியாகத்தான் நிறுத்தியிருந்தார். பெரிய போனை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

“கால் வலிக்கலையா, பொடிசு?”

“வலிக்குது அத்தான்.”

திரும்ப இறங்கும்போது ஒவ்வொரு மாடியாக அழுதுகொண்டே வந்தேன். அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

மார்ச் 18, புதன்

மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். தண்ணீர் சொம்பு எங்கே என்பது தவிர ஒரு பேச்சு இல்லை.

மார்ச் 19, வியாழன்

நாளைக்கு இருபது.

வண்டியில் அத்தானே ஆரம்பித்தார். பெரிய போனை நீட்டி, எந்தப் படமானாலும் எடுத்துக் கொடு, படிக்கிறேன் என்றார். கொடுத்தேன். படித்தார். தலைப்பு, எண், ஓரத்தில் இருந்த குறிப்பு வரை. கொஞ்சம் தலையைச் சாய்த்து, வலது கண்ணால். ஆனால் ஒரு பிழை இல்லை.

“பாத்தியா? இது இருந்தாப் போதும். ஜூன்ல அவங்க வைக்கிற அட்டைய எப்படியாவது சமாளிச்சுக்குவேன்.”

சந்தோஷமாக இருந்தது அவர் முகம். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

“போன விரிச்சுப் பாக்கலாம் அத்தான். சுவிட்ச்ச விரிச்சுப் பாக்க முடியுமா?”

அவர் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங் மேல் கை அப்படியே இருந்தது.

“ஒவ்வொரு தடவையும் மேல ஏறி வந்து பாத்துட்டா இறங்க முடியும்? எனக்குப் பயமா இருக்கு. உங்க மேல கோவம் இல்ல, பயமாத்தான் இருக்கு. நாளைக்கு சூப்பர்வைசர் கேக்கும்போது நீங்க சொல்லிடுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்.”

“உங்க அக்கா உன்ன மன்னிக்க மாட்டா.”

“தெரியும்.”

வீடு வரைக்கும் வண்டி ஊர்ந்துதான் வந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் பச்சை விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றார். இவ்வளவு நாளாக இதையும் நான் கவனிக்காமல்தான் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறேனா?

மார்ச் 20, வெள்ளி

ஆபீஸில் எல்லா ஜோடிகளும் வரிசையில் நின்றோம். ஒவ்வொரு ஜோடியாக அலாரம் கேட்டுக்கொண்டு வந்தார். பெரிசு, பெரிசு, சின்னது, பெரிசு. முதல் வார்த்தை எது என்று காலையிலிருந்து யோசித்து வைத்திருந்தேன். எங்கள் முறை வந்தபோது ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

“உங்க வீட்டுப் பஞ்சாயத்து முடிஞ்சுதா? சின்னதா, பெரிசா?”

“எனக்குப் பெரிசு. அவளுக்குச் சின்னது” என்றார் அத்தான்.

“ஜோடிக்கு ஒண்ணுதான்னு சொன்னேனே.”

“இனிமே ஜோடி இல்ல சார். எனக்குக் கண்ணு தெரியல.”

எல்லோர் முன்னாலும் சொன்னார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பிறகு குழியில் நடந்ததையும் அவரே சொன்னார். சுவிட்சை மாற்றி நிறுத்தியது தான் என்றார். பெரிய போனை நான் ஒளித்து வைத்ததைச் சொல்லவே இல்லை. அவருக்கு அது தெரியும். சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்தவரே அவர்தான். அதனால் அதை நான் சொன்னேன். பொத்தானை அமுக்கிப் பார்க்காமல் இறங்கியதையும் சொன்னேன்.

அலாரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டினார், சரியாகத் திட்டினார். எனக்கு ஒரு வாரம் வேலை கிடையாது. அத்தானை முதலில் கண் டாக்டரிடம் போகச் சொன்னார், மற்றது பிறகு என்றார். வெளியே வந்து வண்டிச் சாவியை என் கையில் வைத்தார் அத்தான். சரியாக என் உள்ளங்கையில், தடவிப் பார்த்து.

மார்ச் 23, திங்கள்

கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதாம். சர்க்கரையால் வந்தது. இடது கண்ணில் போன பார்வை போனதுதான். வலது கண்ணையும் அது தொட ஆரம்பித்துவிட்டது. ஊசி போட்டு நிறுத்திப் பார்க்கலாம், ஜூன் வரை விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

புது ஜோடி ஒரு வெட்டிப் பேச்சுக்காரர். காது வலிக்கிறது. ஆனால் நான் பொத்தானை அமுக்கிப் பார்க்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திக்கொள்கிறார். எங்களுக்குச் சின்னப் போன். இரண்டு பேருக்கும் அதுதான் பிடித்தது, ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஜெயித்த மாதிரி இல்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

அத்தானை ஆபீஸ் மேசையில் போட்டிருக்கிறார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்தால் பேச வேண்டும். முன்பிருந்த சம்பளம் இல்லை. ஆனால் மாட்டிக்கொண்டவர்கள் அவர் குரலைக் கேட்டால் அடங்கிவிடுகிறார்களாம். பெரிய போனை ஒரு மரத்துண்டில் சாய்த்து வைத்திருக்கிறார். அதில் எழுத்தின் அளவைப் பார்த்து, தெருவிலிருந்தே படிக்கலாம் என்று பசங்கள் கிண்டல் செய்கிறார்கள்.

அக்கா இன்னும் பேசவில்லை. ஆனால் சாப்பாடு மாடிக்கு வந்துவிடுகிறது, மூடி போட்டு.

மே 6, புதன்

போன வாரம் அத்தான் ஒரு புது ஏற்பாடு செய்தார், அலாரமும் சரியென்றார். யார் குழியில் இறங்குவதானாலும் முதலில் ஆபீஸ் வரை எட்டும் புது வாக்கியில் அத்தானின் மேசையைக் கூப்பிட வேண்டும். மேலே நிற்பவர் படத்தின் தலைப்பிலிருந்து ஆரம்பித்து எண் வரை சத்தமாகப் படிக்க வேண்டும். அத்தான் தன் பெரிய திரையில் அதே படத்தை வைத்து ஒத்துப் பார்த்துவிட்டு, “இறங்கலாம்” என்று சொல்வார். பசங்கள் இதற்கு “மந்திரம் ஓதுறது” என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஓதாமல் இறங்குவாரும் இல்லை.

இன்று என் முறை. அதே எட்டு மாடிக் கட்டடம், அதே இடது லிஃப்ட். என் ஜோடி மேலே இருந்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். இடது லிஃப்ட், மெயின் சுவிட்ச், நாலு.

“சரி. குழியில யாரு?” என்றது அத்தானின் குரல்.

“நான்தான் அத்தான்.”

வாக்கியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“பொடிசு. நான் சொன்னேன்னு இறங்காத. பொத்தான அமுக்கிப் பாரு.”

அமுக்கினேன். விளக்கு எரியவில்லை. இன்னொரு தடவை அமுக்கினேன், அவருக்காக. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தேன்.